வாங்குவதற்கு முன் பத்து நாள்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ அனுப்பிய மூன்று படங்களையும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெரிதாக்கிப் பார்த்தேன். முதல் படத்தில் பதினோரு உதிரிகளோடு ஒரு ஃபுட் பிராசசர். இரண்டாவதில் உயரமான ஜாடி வைத்த பிளெண்டர். மூன்றாவதில் கத்தி, துருவி, சின்ன இடி உரல் எல்லாம் சேர்ந்த ஒரு செட். "இதில் எதுப்பா வாங்கட்டும்? ஒரே வார்த்தையில் சொல்லுங்க" என்று கேட்டிருந்தாய். ஒரே வார்த்தை என்றால் "பொறு" என்பேன். போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று சொல்லிவிட்டு அன்று இரவே ஏதாவது ஒன்றை ஆர்டர் போட்டுவிடுவாய். அதனால்தான் கடிதம்.

நான் பெரிய சமையல்காரன் இல்லை, உனக்கே தெரியும். ஆனால் முப்பது வருடம் மோட்டாருக்குக் காயில், அதாவது கம்பிச் சுருள், கட்டியவன். இந்த மெஷின்கள் விளம்பரத்தில் பேசுவதை நீ கேட்கிறாய். கெட்டுப்போன பிறகு பேசுவதை நான் கேட்டிருக்கிறேன். பட்டறை மேசையில் ஒன்றைக் கவிழ்த்து நாலு திருகைக் கழற்றினால் போதும். அந்த வீட்டில் என்ன சமைத்தார்கள், எதில் அவசரப்பட்டார்கள், எதைக் கழுவாமல் விட்டார்கள் எல்லாம் தெரிந்துவிடும்.

அதிகம் வந்தவை பிளெண்டர்கள். ஒன்று நன்றாக நினைவில் இருக்கிறது. ஜாடியைக் கழுவாமல் அப்படியே பையில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். அடியில் பாதாம் விழுது கல்லாக இறுகியிருந்தது. நடுவில், பிளேடு சுற்றிய அளவுக்கு மட்டும், வட்டமாக ஒரு குழி. அந்தக் குழியைப் பார்த்ததும் நடந்ததெல்லாம் புரிந்துவிட்டது. தண்ணீர் விடாமல் பாதாமைக் கொட்டியிருக்கிறார்கள். பிளேடு தனக்கு எட்டியதை அரைத்துவிட்டு, அப்புறம் வெறும் காற்றில் சுற்றியிருக்கிறது. இவர்கள் நிறுத்தி, கரண்டியால் தள்ளி, மறுபடி ஓட்டி, மறுபடி தள்ளி இருக்கிறார்கள். கடைசியில் விழுது பிளேடைப் பிடித்துக்கொண்டது. சுற்ற முடியாமல் நிற்கும் மோட்டார் சும்மா நிற்காது, மின்சாரத்தைப் பல மடங்கு இழுக்கும். காயில் கம்பியின் மேல் பூசியிருக்கும் வார்னிஷ் கருகும். அந்த வாசனை ஒருமுறை மூக்கில் ஏறினால் சாகும்வரை மறக்காது.

அந்த மெஷினில் ஒரு குறையும் இல்லை. அதனிடம் கேட்டது தப்பான வேலை. நீ கேட்ட கேள்விக்கு இதிலேயே பாதிப் பதில் இருக்கிறது.

பிளெண்டரின் ஜாடியைக் கவனி. உயரம் அதிகம், அடி குறுகல். பிளேடு அடியில் சுற்றும்போது உள்ளே இருப்பது சுழலாக எழும்பி, சுவரோரமாக மேலே போய், நடுவில் திரும்பப் பிளேடின் மேல் விழ வேண்டும். அப்படி விழுந்து விழுந்துதான் எல்லாம் நைசாகிறது. ஓடுகிற பொருளாக இருந்தால்தான் சுழல் எழும்பும். எனவே பிளெண்டர் என்றால் ஈரம், நீர், குடிப்பது, ஊற்றுவது. நாம் மிக்சி என்று சொல்வதும் இதற்கு உடன்பிறப்புதான். ஜாடி கொஞ்சம் அடக்கமாக இருப்பதால் கெட்டியான விழுதையும் உலர்ந்த மசாலாவையும் சமாளிக்கும்.

ஃபுட் பிராசசரின் கிண்ணம் அகலம், தட்டை. எஸ் எழுத்தைப் போல வளைந்த கத்தி, கிண்ணத்தின் அகலம் முழுக்க வீசிச் சுற்றும். சுழலுக்கு அங்கே வேலையே இல்லை. காய் காயாகவே இருந்து வெட்டுப்படும். கத்தியை எடுத்துவிட்டுத் தட்டு மாட்டினால் சீவும், துருவும். ஆனால் அதில் தண்ணீராக எதையாவது ஊற்றிப் பார், நடுத்தண்டின் வழியாகவோ மூடியின் ஓரமாகவோ கசிந்து மேடையெல்லாம் ஓடும். கிண்ணத்தில் திரவத்துக்கென்று தனியாக ஒரு கோடு போட்டிருப்பார்கள், காய்க்கான கோட்டைவிட நன்றாகக் கீழே. அதை யாரும் பார்ப்பதில்லை.

இரண்டும் பிறந்த இடத்தைத் தெரிந்துகொண்டால் இந்தக் குணம் மறக்காது. 1922இல் அமெரிக்காவில் ஸ்டீபன் போப்லாவ்ஸ்கி என்பவர் குவளையின் அடியில் சுழலும் பிளேடை வைத்தார். மால்ட் கலந்த பால் பானம் கலக்குவதற்குத்தான். அதாவது பிளெண்டர் பிறந்ததே குளிர்பானக் கடைக்காக. ஃபுட் பிராசசரின் கதை வேறு. பிரான்சில் பியர் வெர்டன் என்ற விற்பனையாளர் ஓட்டல் சமையலறைகளுக்குச் சாமான் விற்றுக்கொண்டிருந்தார். அங்கே ஆட்கள் நாள் முழுக்க நறுக்குவதும் துருவுவதுமாகக் கிடப்பதைப் பார்த்துத்தான், அடியில் கத்தி சுற்றும் கிண்ணத்தைச் செய்தார். அதைப் பார்த்த கார்ல் சொன்டைமர் என்ற அமெரிக்கப் பொறியாளர் வீட்டுக்கு ஏற்றபடி மாற்றி 1973இல் சிகாகோ கண்காட்சியில் வைத்தார். ஆக இது கூட்டத்துக்குச் சமைப்பவர்களின் சாமான். ஒற்றை ஆளாக இருக்கும் உன் சமையலறையில் வந்து உட்கார்ந்தாலும் அது ஐம்பது பேருக்கு நறுக்கத்தான் ஏங்கும்.

உன்னை நான் நம்பவில்லை என்று நினைக்காதே, என்னையே சோதித்துப் பார்த்தேன். போன வாரம் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேடையில் வைத்துக்கொண்டு மூன்று வெங்காயம் நறுக்கினேன். தோல் உரிப்பது முதல் கத்தியையும் பலகையையும் கழுவிக் கவிழ்ப்பது வரை ஆறு நிமிடம். மறுநாள் அதே மூன்று வெங்காயம், ஃபுட் பிராசசரில். பரணிலிருந்து இறக்கி, கிண்ணத்தைப் பூட்டி, கத்தியை மாட்டி, வெங்காயத்தை நாலாகப் பிளந்து போட்டு, மூடியைத் திருப்பி, பட்டனைத் தட்டினால் வெட்டியது என்னவோ பத்து விநாடியில். அப்புறம் சுவரில் ஒட்டியதை வழித்து, கிண்ணம், மூடி, கத்தி, நடுத்தண்டு, தள்ளுகட்டை என்று ஐந்து உருப்படியைக் கழுவித் துடைத்து, திரும்பப் பரணில் ஏற்றும்போது பதின்மூன்று நிமிடம். உன் அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். "மூணு வெங்காயத்துக்கு ஏணி போட்ட ஒரே ஆள் நீங்கதான்" என்றாள்.

சரி, அதையே பன்னிரண்டு வெங்காயத்துக்குச் செய்தால்? கத்திக்கு இருபது நிமிடத்துக்கு மேல், கூடவே கண்ணீர். மெஷினுக்குக் கழுவும் நேரம் அதேதான், கூடுவது உரிக்கும் நேரமும் இரண்டு மூன்று தட்டுத் தட்டும் நேரமும்தான். கத்தியின் நேரத்தையும் மெஷினின் நேரத்தையும் இரண்டு கோடாக வரைந்தால் எங்கோ ஓர் இடத்தில் வெட்டிக்கொள்கின்றன. என் கைக்கு அது ஏழெட்டு வெங்காயத்தில் வருகிறது. மெஷின் பரணில் இல்லாமல் மேடையிலேயே இருந்தால் ஐந்தாறிலேயே வந்துவிடும். உன் கைக்கு எங்கே வரும் என்று நீதான் பார்க்க வேண்டும்.

நேரத்தை விடு, வெட்டு எப்படி இருக்கிறது என்பதுதான் எனக்குப் பெரிது. கத்தியில் நறுக்கிய வெங்காயத்தைத் தட்டில் கொட்டினால் உதிர் உதிராக நிற்கிறது. மெஷினில் போட்டதை அள்ளினால் விரலிடுக்கில் தண்ணீர் வடிகிறது. அடியில் இருப்பது கூழ், மேலே இருப்பது பெரிய துண்டு. காரணம் எளிது. கூரான கத்தி துண்டை அறுத்துவிட்டு நகர்ந்துவிடும். சுற்றும் கத்தி ஒரே துண்டைப் பத்து தடவை அடிக்கும். வெங்காயத்தின் செல்கள் உடையும்போதுதான், உள்ளே தனித்தனியாக இருந்த நொதியும் கந்தகச் சேர்மமும் சேர்ந்து கண்ணை எரிக்கும் ஆவியை உண்டாக்குகின்றன. அதிகம் நசுங்கினால் அதிகம் நெடி, அதிகம் நீர். அந்த நீர் வற்றும்வரை வாணலியில் வெங்காயம் வேகும், சிவக்காது. பொன்னிறமாக வதக்கவேண்டிய சமையல் என்றால் கத்தியை எடு. குழம்பில் கரையப் போகிற வெங்காயம் என்றால் மெஷினே போதும், யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

மெஷினில்தான் போடுவேன் என்றால், பாதிக் கிண்ணத்துக்கு மேல் நிரப்பாதே. துண்டுகளை ஒரே அளவாகப் பிள. பட்டனை அழுத்திப் பிடிக்காமல் பல்ஸில் ஒரு தட்டு, ஒரு நிறுத்தம், ஒரு தட்டு, ஒரு நிறுத்தம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் மேலே இருப்பது கீழே விழும். "இன்னும் ஒரு தட்டு" என்று தோன்றும்போது நிறுத்திவிடு.

பூண்டிலும் இதே கதை, அங்கே அதை நாம் வேண்டுமென்றே பயன்படுத்திக்கொள்ளலாம். முழுப் பல் பூண்டை மோந்து பார், வாசனையே இருக்காது. நசுக்கியதும்தான் அல்லிசின் என்ற சேர்மம் உண்டாகி மூக்கைத் தாக்கும். மெல்லியதாகச் சீவினால் சாதுவாக இருக்கும், உரலில் இடித்தால் சீறும். ஒரே பூண்டு, இரண்டு ருசி. நாலு பல் பூண்டுக்கும் ஒரு துண்டு இஞ்சிக்கும் மெஷினைத் தொடாதே. கிண்ணத்தின் சுவரில் தெறித்து ஒட்டிக்கொண்டு, பிளேடு கீழே வெறுமனே சுற்றும். உரலில் இரண்டு நிமிடம். இடிக்கும்போது ஒரு துணியை அடியில் மடித்துப் போடு, கீழ்வீட்டுக்காரர் மேலே வராமல் இருப்பார்.

இப்போது ஒரு வாக்குமூலம். சின்ன வயதில் நீ அடுப்புக்கு மேலே கூரையைக் காட்டி, "அந்த ஆரஞ்சுக் கறை என்னப்பா?" என்று கேட்பாய். ஈரம் கசிந்தது என்று சொல்லி வைத்திருந்தேன். ஈரமுமில்லை, கசிவுமில்லை. தக்காளி சூப். நீ பிறப்பதற்கு முந்தைய வருடம், கொதிக்கக் கொதிக்க எடுத்து ஜாடியில் கழுத்துவரை ஊற்றி, மூடியை இறுக்கி, நேராக அதிக வேகத்தில் போட்டேன். மோட்டார் தெரிந்தவன் என்ற திமிர். பிளேடு சுற்றியதும் சூட்டுத் திரவத்திலிருந்து ஆவி ஒரே மூச்சில் வெளியேறி மூடியைத் தூக்கி அடித்தது. நான் ஒரு கையை நீட்டி எட்டி நின்றதால் முகம் தப்பியது. மணிக்கட்டில் வாட்ச் பட்டைக்குக் கீழே வழவழப்பாக ஒரு தழும்பு இருக்குமே, அது வெல்டிங் தீப்பொறி இல்லை. பட்டறையில் எல்லாரிடமும் வெல்டிங் என்றே சொன்னேன்.

சூடானதைப் பிளெண்டரில் போட்டே ஆகவேண்டும் என்றால் கொஞ்சம் ஆறவிடு. ஜாடியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாதே. மூடியின் நடுவில் இருக்கும் சின்ன அடைப்பைக் கழற்றிவிட்டு, அந்த ஓட்டையின் மேல் மடித்த துணியை வைத்து லேசாகப் பிடித்துக்கொள். ஆவி போக வழி வேண்டும். குறைந்த வேகத்தில் தொடங்கு. இவ்வளவு சடங்கும் வேண்டாம் என்றால் ஹேண்ட் பிளெண்டர். சுவிட்சர்லாந்தில் ரோஜர் பெரின்ஷாக்கே என்பவர் 1950இல் காப்புரிமை வாங்கிய யோசனை அது. பாத்திரத்தை மெஷினுக்குள் கொண்டுபோகாமல் மெஷினைப் பாத்திரத்துக்குள் கொண்டுவந்துவிட்டார். அடுப்பை அணைத்துவிட்டு, தலைப்பகுதி முழுவதும் மூழ்கும்படி இறக்கிவிட்டு அப்புறம் பட்டனை அழுத்து. தூக்கும்போது முதலில் பட்டனை விடு, பிறகு தூக்கு. வரிசை மாறினால் உன் வீட்டுக் கூரையிலும் கறை வரும்.

உருளைக்கிழங்கு மசிப்பதில் ஒரு பெரிய தப்பு செய்தேன், அதையும் கேட்டுக்கொள். வீட்டுக்கு எட்டுப் பேர் வருகிறார்கள் என்று, அவித்த கிழங்கை உரித்து ஃபுட் பிராசசரில் போட்டு ஒரு நிமிடம் ஓட்டினேன். திறந்தால் சுவரொட்டி ஒட்டுகிற பசை. கரண்டியைத் தூக்கினால் கிண்ணமே சேர்ந்து எழுந்தது. வெந்த கிழங்கின் செல்களுக்குள் மாவுச்சத்து ஊதி நிற்கும். மெதுவாக மசித்தால் செல்கள் ஒன்றைவிட்டு ஒன்று பிரியும், அவ்வளவுதான், பொலபொலவென்று வரும். வேகமான கத்தி செல்களையே கிழித்துவிடும். உள்ளே இருந்த மாவுச்சத்து வெளியே கொட்டி ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். வெண்ணெய் போட்டாலும் பால் ஊற்றினாலும் திரும்பாது. கிழங்குக்கு மசிக்கிற கரண்டிதான். மின்சாரமே வேண்டாம்.

மாவு பிசைவது நேர் எதிர். ரொட்டிக்குப் பத்து நிமிடம் கை வலிக்கப் பிசைவதை ஃபுட் பிராசசர் ஒரு நிமிடத்துக்குள் முடித்துவிடும். உராய்வில் மாவு சூடேறும், அதனால் குளிர்ந்த தண்ணீர் ஊற்று. மாவு திரண்டு பந்தாகிக் கிண்ணத்தைச் சுற்றத் தொடங்கியதும் மோட்டார் சத்தம் மாறும், திணறுகிற சத்தம். அது காதில் பட்டதும் கை பட்டனைவிட்டு வந்துவிட வேண்டும்.

"கையால் செய்தால்தான் ருசி" என்று சொல்லிச் சொல்லியே உன் அம்மா முப்பத்தைந்து வருடம் ஓட்டினாள். அவளை எதிர்த்து எழுதுகிறேன் என்று தெரிந்தால் இந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்க்க மாட்டாள், இருந்தாலும் சொல்கிறேன்: அதில் பாதிதான் உண்மை. இரண்டு வருடமாக அவளுக்குக் கட்டைவிரல் அடியில் நரம்பு இழுத்துப் பிடிக்கிறது. கத்தியைப் பிடித்தால் ஒரு கேரட் தாண்டாது. பரணில் பெட்டி பிரிக்காமல் கிடந்த ஃபுட் பிராசசரை அப்போதுதான் இறக்கினோம். முதல் நாள் அவள் முட்டைக்கோஸைத் துண்டு துண்டாக மூடியின் மேலிருக்கும் குழாய்க்குள் போட்டு, தள்ளுகட்டையால் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். ஒரே தடிமனில் இழை இழையாக விழுந்தது. கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் ஒன்றுமே பேசவில்லை. அப்புறம், "இத்தனை நாளும் இது மேலேயேவா இருந்தது?" என்று கேட்டாள். கை ஓய்ந்தவர்களுக்கு அந்த மெஷின் ஆடம்பரம் கிடையாது. உன் கைக்கு இப்போது இருபத்தெட்டு வயது, அது வேறு விஷயம்.

ஒன்று கேள், விரலால் எதையும் குழாய்க்குள் தள்ளாதே. துருவியிலும் சீவுபலகையிலும்கூடக் கடைசித் துண்டை ஆசைப்பட்டுச் சீவாதே. அதை அப்படியே வாயில் போட்டுக்கொள், மிச்சமும் ஆகாது, விரலும் தப்பும். பிளேடைக் கழுவுதொட்டியில் சோப்புத் தண்ணீருக்குள் போட்டு வைக்கவே வேண்டாம். நுரைக்கு அடியில் கிடப்பது கைக்குத் தெரியாது. பட்டறைக்கு வந்தவர்கள் கட்டுப்போட்ட விரலோடு சொன்ன கதைகள் பெரும்பாலும் வெட்டும்போது நடந்தவை அல்ல, கழுவும்போது நடந்தவை.

கழுவுவது என்றதும் ரப்பர் வளையம் நினைவுக்கு வருகிறது. பிளெண்டர் ஜாடியின் அடியைத் திருகிக் கழற்றினால் வளையம் ஒன்று இருக்கும். நிறைய பேருக்கு அது கழறும் என்பதே தெரியாது. நான் கழற்றிக் காட்டும்போது உள்பக்கம் கறுப்பாக வழுக்கும், சொந்தக்காரர் முகம் போகும் போக்கு இருக்கிறதே! என்.எஸ்.எஃப் என்ற அமெரிக்கச் சுகாதாரத் தர நிறுவனம் 2013இல் வீட்டுச் சமையலறைச் சாமான்களில் கிருமி தேடியபோது, பிளெண்டர் வளையத்தில் சால்மோனெல்லாவும் ஈ.கோலியும் பூஞ்சையும் கிடைத்தன. தினசரி அவசரத்துக்கு, வெதுவெதுப்பான தண்ணீரைப் பாதி ஊற்றி ஒரே ஒரு சொட்டு சோப்பு விட்டு அரை நிமிடம் ஓட்டினால் பெரும்பகுதி கழுவிவிடும். ஆனால் வளையத்தை அவ்வப்போது கழற்றித் தேய்த்துக் காயவைத்தே மாட்ட வேண்டும். இதற்கெல்லாம் எனக்குப் பொறுமை இல்லை என்று உனக்குள் ஒரு குரல் சொன்னால் அதை நம்பு, அதற்கேற்ப வாங்கு.

கடையில் நின்றால் உன்னிடம் வாட்ஸ் என்ற ஒரு எண்ணைத்தான் காட்டுவார்கள். அந்த எண் மெஷின் சுவரிலிருந்து எவ்வளவு இழுக்கிறது என்பதைத்தான் சொல்லும், பிளேடுக்கு எவ்வளவு போய்ச் சேருகிறது என்பதை அல்ல. நான் பார்ப்பது வேறு. மெஷினைக் கவிழ்த்து அடியில் உள்ள தகட்டைப் படி. தொடர்ந்து எவ்வளவு நேரம் ஓட்டலாம் என்று போட்டிருக்கும். சிலவற்றில் கே.பி. என்று இரண்டு ஆங்கில எழுத்தும் பக்கத்தில் நிமிடக் கணக்கும் இருக்கும். குறுகிய நேர ஓட்டம் என்பதற்கான ஜெர்மன் சொல்லின் சுருக்கம். ஒரு நிமிடம் என்று போட்டிருந்தால் ஒரு நிமிடம்தான், அப்புறம் ஆறவிட வேண்டும். அடியிலேயே சின்னப் பட்டன் ஒன்று, பெரும்பாலும் சிவப்பாக, இருக்கிறதா என்று பார். மோட்டார் திணறினால் அது தானாகத் துள்ளி மின்சாரத்தை வெட்டிவிடும். ஆறியதும் அழுத்தினால் மறுபடி ஓடும். இது தெரியாமல் "செத்துப்போச்சு" என்று கொண்டுவந்தவர்களுக்கு ஒரு விரலால் அழுத்திக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன், காசு வாங்கியதில்லை.

பிறகு, ஜாடிக்கும் மோட்டாருக்கும் நடுவே இருக்கும் பல் வைத்த சக்கரம், கப்ளர். மெஷினில் முதலில் தேய்வது அதுதான், தேயவேண்டியதும் அதுதான். அது தனியாகக் கிடைக்கிறதா, வளையம் தனியாகக் கிடைக்கிறதா, கிண்ணம் உடைந்தால் கிண்ணம் மட்டும் கிடைக்குமா என்று கேட்டுவிட்டு வாங்கு. ஃபுட் பிராசசரில் இன்னொரு வேடிக்கை உண்டு. மூடியைச் சரியாகப் பூட்டினால்தான் ஓடும், பாதுகாப்புக்காக. அந்தப் பூட்டை அழுத்துவது மூடியின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் விரல் நகமளவு பிளாஸ்டிக். அது ஒருநாள் உடையும். மோட்டார் கல் மாதிரி இருக்கும், கத்தி புதிது மாதிரி இருக்கும், ஆனால் மெஷின் ஊமை. மூடி கிடைக்காமல் எத்தனை நல்ல மோட்டார்களைப் பழைய இரும்புக்கு எடைபோட்டிருக்கிறேன் தெரியுமா?

பழையது ஏதாவது யாராவது கொடுத்தால் கத்தியை வெளிச்சத்தில் பிடித்துப் பார். பிளேடை நடுக்கட்டையோடு சேர்க்கும் ரிவெட்டைச் சுற்றி மயிரிழை விரிசல் இருந்தால் குப்பையில் போடு. 2016 டிசம்பரில் அமெரிக்காவில் ஏறக்குறைய 80 லட்சம் ஃபுட் பிராசசர்களின் கத்தியைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று, ரிவெட் வைத்த கத்தி விரிசல் விட்டு உலோகத் துணுக்கு சாப்பாட்டில் விழுந்ததால்.

இவ்வளவும் எழுதிவிட்டு எதை வாங்குவது என்று சொல்லாமல் விட்டால் நீ கோபப்படுவாய். உன் இடத்தில் நான் இருந்தால் முதல் காசைக் கத்திக்குப் போடுவேன். ஒரே கத்தி, உன் கையை நீட்டினால் உள்ளங்கைக்குப் பொருந்துவது. கூடவே அதைத் தீட்ட ஒரு கல். மழுங்கிய கத்திதான் வெங்காயத்தோலில் வழுக்கி விரலுக்குப் போகும். பலகைக்கு அடியில் ஈரத்துணி விரித்தால் நகராது. காயைப் பிடிக்கும் கையின் விரல் நுனிகளை உள்ளே மடக்கி, முட்டி கத்தியின் பக்கவாட்டில் உரசும்படி வைத்துப் பழகு. முதல் வாரம் மெதுவாகத்தான் போகும். அப்புறம் ஒரு துருவி, ஒரு சின்ன உரல். அதற்கு மேல் ஒரு மெஷின் என்றால், சின்ன நறுக்கும் கிண்ணம் சேர்த்துத் தருகிற ஹேண்ட் பிளெண்டர். சூப்புக்கும் ஆகும், காலையில் பழத்தை அடித்துக் குடிக்கவும் ஆகும், ஒரு கைப்பிடி கொட்டையைப் பொடிக்கவும் ஆகும், இழுப்பறைக்குள் படுத்துக்கொள்ளும். பெரிய பிளெண்டர் தினமும் பழச்சாறும் விழுதும் அடிப்பவர்களுக்கு. தினமும் என்றால் தினமும். அந்தச் சத்தத்துக்குப் பக்கத்து வீட்டில் தூங்குகிறவர்களையும் நினைத்துக்கொள்.

இருந்தாலும் நான் சொன்னதை வைத்து வாங்காதே. பிரிட்ஜ் கதவில் ஒரு தாளை ஒட்டு. பத்து நாளைக்கு நீ எதை நறுக்கினாய், எதைத் துருவினாய், எதை அரைக்க நினைத்தாய், எவ்வளவு, எத்தனை பேருக்கு என்று ஒவ்வொரு தடவையும் கிறுக்கிவை. வெளியே சாப்பிட்ட நாளை "வெளியே" என்று எழுது, ஏமாற்றாதே. எதைச் செய்யச் சலிப்பாக இருந்தது என்பதற்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வை. புள்ளிகள் துருவலில் குவிந்தால் ஒரு பதில், அரைப்பதில் குவிந்தால் வேறு பதில், கழுவுவதில் குவிந்தால் எதையும் வாங்காதே.

பத்தாம் நாள் அந்தத் தாளைப் படம் பிடித்து அனுப்பு. எழுத்து தெரிகிற மாதிரி, வெளிச்சத்தில் எடு. அம்மாவும் பார்க்க வேண்டுமாம். நீ அங்கே போனதிலிருந்து ஒரு வெங்காயம்கூட வாங்கியிருக்க மாட்டாய் என்று அவளுக்குச் சந்தேகம்.

அன்புடன்,
அப்பா